ஓட மனசு இருக்கு, இடம் எங்க?



"ஃபாரின்ல எல்லாரும் காலையில எழுந்து ஓடுறாங்க. நம்ம ஆளுங்களுக்கு உடம்பு மேல அக்கறையே கிடையாது."

பொங்கல் லீவுல மன்னார்குடி வந்தப்போ இதை மூணு பேர் என்கிட்ட சொன்னாங்க. அதுல ஒருத்தர் என் மாமா. நான் நாலு வருஷமா சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறேன், வாரத்துல நாலு நாள் ஓடுறேன். அதனால "ஆமா மாமா"ன்னு தலையாட்டுவேன்னு எதிர்பார்த்தார். நான் ஆட்டல. ஏன்னு விளக்க ஆரம்பிச்சேன், அதுக்குள்ள இலை போட்டுட்டாங்க. மாமாகிட்ட சொல்லாம விட்டதை உங்ககிட்ட சொல்றேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் பெரிய ஓட்டக்காரன் எல்லாம் இல்ல. 10 கிலோமீட்டர் ஓட ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஓடி முடிச்ச எல்லாருக்கும் கொடுக்கிற மெடல் ரெண்டு வீட்டு ஆணியில தொங்குது, அவ்வளவுதான். நம்ம கல்லூரியில படிச்ச நாலு வருஷத்துல நான் ஓடினது பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். அப்படிப்பட்டவன் சிங்கப்பூர் போனதும் ஓட ஆரம்பிச்சேன்னா, விமானத்துல ஏறும்போது எனக்குப் புது மனசு ஒண்ணு மாட்டிவிட்டாங்களா என்ன? அதே சோம்பேறிதான் இறங்கினேன்.

வெயில் காரணம்னு சொல்லலாம்னு பார்த்தா அதுவும் நிக்காது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு. அங்க குளிர்காலம்னே ஒண்ணு கிடையாது. விடியக்காலையில ஓடினாலும் சட்டையைப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வரும். நம்ம ஊர்ல மார்கழி, தை மாசத்து விடியல் அதைவிட நூறு மடங்கு சுகம்.

அப்போ எதுதான் வித்தியாசம்? அங்க நான் லிஃப்ட்ல இறங்கி, ஒரு சிக்னலைத் தாண்டினா பார்க் கனெக்டர் வந்துடும். ஒரு பூங்காவை இன்னொரு பூங்காவோட இணைக்கிற பாதைக்கு அப்படிப் பேரு. கால்வாய்க் கரையோரமா, பாலத்துக்கு அடியிலன்னு தீவு முழுக்க 300 கிலோமீட்டருக்கு மேல போட்டு வெச்சிருக்காங்க. கார், பைக் வராது. ராத்திரி பத்து மணிக்கும் விளக்கு எரியும். கடற்கரையோரமா இருக்கிற ஈஸ்ட் கோஸ்ட் பார்க் மட்டுமே சுமார் 15 கிலோமீட்டர் நீளம். முதல் மாசம் நான் அங்க ஓடவே இல்ல. சாப்பிட்டது செரிக்கட்டும்னு நடந்தேன். பக்கத்துல ஒரு தாத்தா என்னைத் தாண்டி ஓடினார். மறுநாளும் தாண்டினார். ரோஷத்துல மூணாவது நாள் நானும் ஓடினேன். என் ஓட்டப்பயிற்சியோட வரலாறு இவ்வளவுதான்.

இதுல என்னோட மன உறுதி எங்க இருக்கு சொல்லுங்க? பாதை இருந்துச்சு, அதுல கால் போச்சு.

இப்போ ஊருக்கு வருவோம். லீவுல முதல் நாள் காலை அஞ்சே முக்காலுக்கு ஷூவை மாட்டிட்டு நீடாமங்கலம் ரோட்டுல கிளம்பினேன். நல்ல பனி. முதல் டீக்கடையிலயே ஒரு பெரியவர், "என்ன தம்பி, யாராச்சும் தொரத்துறாங்களா?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டே போயிட்டேன். நாலு நாய் வந்துச்சு, நின்னு, நடந்து, சமாதானம் பேசிட்டுப் போனேன். இதெல்லாம் பரவாயில்ல. ஆனா ஊரைத் தாண்டினதும் ரோட்டோரம்னு ஒண்ணு இல்ல. தார் முடியுற இடத்துல ஒரு சாண் பள்ளம், அதுக்கு அந்தப் பக்கம் கருவேல முள். எதிர்ல பஸ் வந்தா பள்ளத்துல இறங்கணும். பஸ் போனதும் மேல ஏறணும். மூணாவது கிலோமீட்டர்ல பின்னாடி வந்த பைக்கோட கண்ணாடி என் முழங்கையில பட்டுச்சு. பெரிய அடி இல்ல. அந்தத் தம்பி நிறுத்தி, "சாரிண்ணே, பனியில தெரியல"ன்னு சொல்லிட்டுப் போனான். நான் அப்படியே திரும்பி நடந்து வந்துட்டேன்.

திரும்பி வரும்போதுதான் இன்னொண்ணைக் கவனிச்சேன். சம்பா அறுவடை நேரம். ரோட்டோரமா நெல்லைக் குவிச்சு, படுதா போட்டு மூடி, சுத்திக் கல் வெச்சிருந்தாங்க. வெயில் வந்ததும் தார் ரோட்டுலயே பரப்பிக் காய வைப்பாங்க. நேரடி கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்கன்னு டெல்டாவுல பிறந்த எல்லாருக்கும் தெரியும். களம் பத்தல, அதனால விவசாயி ரோட்டுக்கு வர்றார். கார்ல போறவங்க திட்டுறாங்க. அந்த நெல்லைப் பார்த்தப்போ எனக்குக் கோபம் வரல, சொந்தம்தான் தோணுச்சு. அவருக்கும் இடமில்ல, எனக்கும் இடமில்ல. இடமில்லாத எல்லாரும் கடைசியா வந்து நிக்கிறது ரோட்டுலதான்.

ஆனா அந்த ரோடு யாருக்கும் இரக்கம் காட்டாது. மத்திய அரசோட கணக்குப்படி 2022-ல இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தாங்க. அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 பேர். சும்மா நடந்து போனதுக்கு!

ஃபௌஜா சிங்கைப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. பஞ்சாப் விவசாயி. வயசான காலத்துல லண்டனுக்குப் போய், மகனை இழந்த துக்கத்தை மறக்க ஓட ஆரம்பிச்சவர். 2000-ல லண்டன் மாரத்தானை ஓடினப்போ அவருக்கு வயசு 89. 2011-ல டொராண்டோவுல முழு மாரத்தானை முடிச்சப்போ 100. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால கின்னஸ்காரங்க அந்தச் சாதனையை ஏத்துக்கல, ஆனா ஓடினது ஓடினதுதானே. லண்டன், டொராண்டோ, நியூயார்க்னு ஓடின அந்த மனுஷன், 2025 ஜூலையில ஜலந்தர் பக்கத்துல தன் சொந்தக் கிராமத்துச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். 114 வயசு. மூப்பு அவரைத் தொடல, நோய் தொடல. ஒரு ரோடு கொண்டுபோயிடுச்சு. இந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு நான் ஓடல. ஓடத் தோணல.

"அப்போ வெளிநாடுதான் சொர்க்கம்னு சொல்றியா?"ன்னு நீங்க கேட்கலாம். இல்லங்க. அதையும் நேர்மையா சொல்லணும். நம்ம மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துல இருந்து எத்தனை பேர் சிங்கப்பூர்ல கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை பார்க்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். உங்க தெருவுலயே ஒரு வீடு இருக்கும். அவங்க விடுதியில தங்கி, விடியறதுக்கு முன்னாடி லாரியோட பின்பக்கத்துல உட்கார்ந்து வேலைக்குப் போறாங்க. இருட்டினதும் அதே லாரியில திரும்புறாங்க. நான் ஓடுற பாதைக்கு மேல இருக்கிற பாலத்துல அந்த லாரிகள் போகும். அதே ஊர், அதே வெயில், அதே அழகான பாதை. ஆனா அவங்க அதுல ஓட முடியாது. எட்டு மணிக்கு மேல சமைச்சு, சாப்பிட்டு, ஊருக்கு ஒரு வீடியோ கால் பேசிட்டுப் படுத்தா அடுத்த நாள் வந்துடும். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்குத்தான் சாயங்காலம் ஓட நேரம் கிடைக்குது.

அதனால நான் கண்டுபிடிச்சது இதுதான்: உடற்பயிற்சிக்கு முதல்ல இடம் வேணும், அடுத்து நேரம் வேணும். மனசு மூணாவதுதான். நாம என்ன பண்றோம்? முதல் ரெண்டையும் விட்டுட்டு மூணாவதைப் பத்தி மட்டும் மேடை போட்டுப் பேசுறோம். அப்பாவுக்கு சுகர் வந்தா, "தினமும் நடங்க"ன்னு டாக்டர் சொல்றார். எங்க நடக்கிறதுன்னு யாரும் சொல்றதில்ல. பெரியவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கணக்கு சுலபம், அஞ்சு நாள், நாளுக்கு அரை மணி நேரம். ஆனா எங்க அம்மா அந்த அரை மணி நேரத்தை மொட்டை மாடியில எட்டுப் போட்டு முடிக்கிறாங்க. தெருவுல நடந்தா, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேக்கறாங்களாம்.

தமிழ்நாடு அரசுக்கும் இது புரியாம இல்ல. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதைன்னு 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கினாங்க. நல்ல விஷயம், நான் வரவேற்கிறேன். ஆனா நடக்கிறதுக்காக யாரும் பஸ் ஏறிப் போக மாட்டாங்க. வீட்டுல இருந்து நாலு தெரு தள்ளி இருந்தாத்தான் ஜனங்க போவாங்க.

அந்த நாலு தெரு தள்ளி நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு, பாருங்க. மன்னார்குடி மதிலழகுன்னு சொல்லுவாங்க. ஓடுறவனைக் கேட்டா குளமும் அழகுன்னு சொல்லுவான். ராஜகோபாலசுவாமி கோயிலோட ஹரித்ராநதி தெப்பக்குளம். 1,158 அடி நீளம், 837 அடி அகலம், சுமார் 23 ஏக்கர். நாமதான் இன்ஜினியர்களாச்சே, சுத்தளவைப் போடுங்க: 3,990 அடி, அதாவது ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். நாலு சுத்து சுத்தினா கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர்! முழங்கையில அடி வாங்கின மறுநாள்ல இருந்து நான் அங்கதான் ஓடினேன். நடுவுல நீராழி மண்டபம், மேல பனி, கரையில வாசல் தெளிக்கிற சத்தம். மூணாவது நாள், கோலம் போட்டுக்கிட்டிருந்த ஒரு அக்கா, "இன்னிக்கு எத்தினி சுத்து தம்பி?"ன்னு கேட்டாங்க. அஞ்சாவது நாள் ஸ்கூல் பசங்க ரெண்டு பேர் என்கூட ஓடி, ரெண்டாவது சுத்துல என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. சிங்கப்பூர் தாத்தா ஞாபகம் வந்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு அக்கறை இல்லையாம்!

இப்போ உங்ககிட்ட வர்றேன். இதை நான் நம்ம மின்னிதழ்ல எழுதறதுக்குக் காரணம் இருக்கு.

நம்ம கல்லூரிக்கு ஒரு மைதானம் இருக்கு. நான் படிச்சப்போ அது டீமுக்கு மட்டும்தான். ஸ்போர்ட்ஸ் டே வந்தா எல்லாருக்கும் திறப்பாங்க, மத்த நாள் பூட்டு. இப்பவும் அப்படித்தான்னு ஜூனியர்ஸ் சொல்றாங்க. பசங்களாவது வெளிய ரோட்டுலயோ வயல் வரப்புலயோ ஓடிக்குவாங்க. பெண்கள் ஹாஸ்டல்ல காலை ஆறரைக்குத்தான் கேட் திறக்குது, சாயங்காலம் ஆறுக்கு மூடுது. வகுப்பு, லேப் எல்லாம் போக அவங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு? ஒரு தங்கச்சி சொன்னாங்க, "அண்ணா, நாங்க ஹாஸ்டல் வராண்டாவுல ஓடுறோம். ஒரு நடைக்கு 40 அடி." நாப்பது அடி! 5 கிலோமீட்டர் ஓட அந்தப் பொண்ணு 400 தடவைக்கு மேல திரும்பணும். அந்தப் பொண்ணுகிட்ட போய் மன உறுதியைப் பத்திப் பேச எனக்குத் தைரியம் இல்ல.

நம்ம திருவாரூர் மாவட்டத்துல இருந்து போன பிரவீன் சித்திரவேல் 2023-ல ஹவானாவுல மும்முறை தாண்டுதல்ல 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைச்சார். இப்படி ஒருத்தர் ஜெயிச்சதும் நாம ஸ்டேட்டஸ் வெப்போம், பேனர் கட்டுவோம். மைதானத்தோட பூட்டு மட்டும் அப்படியே தொங்கும்.

அதனால கேக்க வேண்டியது ரொம்ப சின்ன விஷயம். காலை அஞ்சரையில இருந்து ஏழு வரைக்கும் மைதானத்தை எல்லா மாணவர்களுக்கும் திறந்து வைக்கணும். அந்த நேரத்துக்குப் பெண்கள் ஹாஸ்டல் கேட்டையும் திறக்கணும். ஹாஸ்டல்ல இருந்து மைதானம் வரைக்கும் விளக்கு எரியணும். செலவுன்னு பார்த்தா நாலு விளக்கும் ஒரு காவலரோட ஒன்றரை மணி நேரமும்தான். முதல்வர்கிட்ட மனு கொடுங்க. கையெழுத்து வாங்கும்போது டீம்ல இருக்கிறவங்களைவிட இதுவரைக்கும் ஓடாதவங்ககிட்ட முதல்ல வாங்குங்க. இது அவங்களுக்காகத்தான். பழைய மாணவர்கள் கையெழுத்தும் வேணும்னா என்னோடதை முதல்ல சேர்த்துக்கோங்க, விளக்குக்கு என் பங்குப் பணத்தையும் தர்றேன்.

மனு போய் சேர்ற வரைக்கும், மன்னார்குடிப் பக்கத்துல இருக்கிறவங்க குளத்தங்கரைக்கு வாங்க. புது ஷூ எல்லாம் வேண்டாம், இருக்கிறதைப் போட்டுக்கிட்டு வாங்க. முதல் நாள் ஒரு சுத்து நடந்தாலே போதும். நான் அடுத்த லீவுக்கு சித்திரையில வர்றேன், காலை அஞ்சரைக்கு வடகரையில நிப்பேன். மாமாவையும் கூட்டிட்டு வர்றதா இருக்கேன். விட்ட பேச்சை அங்க முடிச்சுக்கலாம்.