பேட்டிங் சைடு அம்பயர்

'ஃப்ரெண்ட்லி மேட்ச்' என்று முதன்முதலில் பெயர் வைத்த புண்ணியவானை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். டெஸ்ட் மேட்ச்சில் ஐந்து நாளைக்கு வைத்து நிதானமாகப் போடுகிற சண்டையை எல்லாம், அங்கே பன்னிரண்டு ஓவரில் முடித்து விடுவோம்.

சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்கு இரண்டே உபயோகங்கள்தான். மழை பெய்தால் விவசாயம். பெய்யாவிட்டால் கிரிக்கெட். (பல வருஷங்களில் கிரிக்கெட்தான்!) தண்ணீர் வற்றி, கரம்பை வெடித்து, அந்த வெடிப்புகளை மண் போட்டு மூடினால் பிட்ச் ரெடி. மிட் ஆனில் ஆடு மேயும். லாங் ஆஃப் முழுக்க சீமைக் கருவேலம். அதற்குள் பந்து போனால், யார் அடித்தானோ அவன்தான் போய்த் தேட வேண்டும். இதனாலேயே நன்றாக சிக்ஸர் அடிக்கத் தெரிந்த பலர், முள்ளுக்குப் பயந்து சிங்கிள் எடுத்தே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

பிட்ச்சின் நீளம் 22 கெஜம் என்று எம்.சி.சி. சட்டம் சொல்கிறது. எங்கள் சட்டத்தில் 22 எட்டு. யாருடைய எட்டு என்பதில்தான் முதல் தகராறு. நெட்டையாக ஒருத்தனைக் கூட்டிவந்து அவர்கள் அளப்பார்கள். "அவன் நடக்கலப்பா, தாண்டுறான்!" என்று எங்கள் ஆட்கள் கத்துவார்கள். பிறகு குள்ளமான ஒருத்தனை நாங்கள் இறக்குவோம். கடைசியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஸ்டம்பை நட்டு சமாதானமாவார்கள்.

பி.காம். படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, எனக்கு நிரந்தர ஸ்கோரர் உத்தியோகம். புளியமர நிழல், நாற்பது பக்க நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா. சும்மா சொல்லக்கூடாது, கிரிக்கெட் சட்டத்தை எழுதியவர்களுக்கு அக்கவுன்டன்ஸி தெரிந்திருக்கிறது. ஸ்கோரர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அடிக்கடி ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று மூன்றாவது சட்டம் சொல்கிறது. டபுள் என்ட்ரி மாதிரிதான்! நானும் எதிர் ஊர் ஸ்கோரரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து, ஓவருக்கு ஓவர் டேலி பண்ணிக்கொள்வோம். அதனால் கணக்கில் வம்பே வராது.

வம்பு வருவது ஆடிட்டரிடம். அதாவது அம்பயர்.

கிராமத்து மேட்ச் ஆடியவர்களுக்குத் தெரியும். அம்பயருக்கு என்று தனியாக யாரும் கிடையாது. பேட்டிங் சைடில் இருந்தே இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருத்தர் பௌலர் பக்கம், ஒருத்தர் லெக் பக்கம். ஆபீஸ் பாஷையில் சொன்னால் இன்டர்னல் ஆடிட். தன் கம்பெனி கணக்கைத் தானே தணிக்கை பண்ணி, தானே 'சரி' என்று கையெழுத்துப் போடுகிற ஏற்பாடு. விளங்குமா?

விளங்காது என்று தெரிந்துதான் எங்கள் முன்னோர்கள் ஒரு தீர்க்கதரிசனமான காரியம் செய்தார்கள். எல்.பி.டபிள்யூ.வையே எடுத்துவிட்டார்கள். டென்னிஸ் பந்து மேட்ச்சில் காலில் பட்டால் அவுட் கிடையாது. சொந்தக் கட்சிக்காரனைப் பார்த்து 'உன் கால் ஸ்டம்புக்கு நேராக இருந்தது, கிளம்பு' என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? ஆகவே பௌலர் என்ன செய்வான்? அம்பயரை நம்பிப் பிரயோஜனமில்லை. ஸ்டம்பையே பெயர்த்து எடுக்க வேண்டும். காலடியில் யார்க்கர் போட வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக, ஆஸ்திரேலியாவில் ஒரே டூரில் ஒரு நாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். இந்தியர்களில் அவர்தான் முதல் ஆள். அவருடைய யார்க்கருக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். பேட்டிங் சைடு அம்பயர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

அம்பயராக நிற்கிறவனுக்கும் தர்மசங்கடம் உண்டு. பெரும்பாலும் ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் ஆட்கள்தான் நிற்பார்கள். முன்னால் ஆடுகிறவன் அவுட்டானால்தான் இவனுக்கு பேட் கிடைக்கும். பத்தாவது ஓவர் வரை விக்கெட்டே விழாவிட்டால், எட்டாம் நம்பருக்கு நியாய உணர்ச்சி திடீரென்று பொங்கும். கீப்பர் தும்மினால்கூட விரலைத் தூக்கி விடுவான்.

நம்மைப் பார்த்து நாமே ரொம்ப வெட்கப்படவும் வேண்டாம். உலக கிரிக்கெட்டே வெகு காலம் இப்படித்தான் நடந்தது. எந்த நாட்டில் டெஸ்ட்டோ அந்த நாட்டு அம்பயர்கள். போன நாட்டுக்காரர்கள் புலம்பிக்கொண்டே ஊர் திரும்புவார்கள். 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் ஆடியபோது, இம்ரான்கான் கேட்டுக்கொண்டதால், நம்மூர் வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் போய் நின்றார்கள். பாகிஸ்தானில் நடந்த மேட்ச்சுக்கு இந்திய அம்பயர்கள்! 1994-ல் இரண்டில் ஒருவர் வெளிநாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2002-ல் இரண்டு பேருமே என்று ஆனது. அப்படியும் 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றதும், ஐ.சி.சி. என்ன செய்தது? உள்ளூர் அம்பயரே நிற்கலாம், பதிலுக்கு டீமுக்கு ஒரு ரிவ்யூ கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்றது. பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி எங்கள் கண்மாய்க்கே வந்துவிட்டார்கள்!

எங்களிடம் ரிவ்யூ கிடையாது. அதனால் ஏற்படுகிற விளைவுகள் கொஞ்சம் பெரியவை.

2016 மே மாதம் ஒரு ஞாயிறு. பக்கத்து ஊரோடு மேட்ச். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர். எங்கள் பேட்ஸ்மேன் ரன் அவுட். கோட்டுக்கு ஒரு கெஜம் வெளியே நிற்கிறான். ஆடு மேய்க்க வந்த பாட்டிக்குக்கூடத் தெரிந்தது. எங்கள் அம்பயர் மட்டும் "வெயில் கண்ணைக் கூசிருச்சு, நாட் அவுட்" என்றார். காலை எட்டரை மணி, சூரியன் அவருக்குப் பின்னால் இருந்தது. அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். ஸ்டம்புகள் அவை நடப்பட்ட காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்பட்டன. இரண்டு பைக்குகளில் காற்று இல்லை. என் ஸ்கோர் நோட்டு கிழிந்தது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஊரில் எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தனுக்குப் பெண் பேசி, பூ வைக்க நாள் பார்த்திருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா, "ஒரு ரன்னுக்கே இப்படிப் பொய் சொல்ற ஊரு, நகை நட்டு விஷயத்துல என்ன சொல்லுமோ" என்றாராம். கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப் போனது. மேட்ச்? மூன்று வருஷம் கிடையாது.

2019 கோடையில்தான் இரண்டு ஊர் இளவட்டங்களும் மறுபடி பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குள் இறங்கினார்கள். தோற்கிற டீம் புதுப் பந்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். ஆனால் கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்தால், பந்துக்காக வந்த மாதிரி தெரியவில்லை. சைக்கிள்களை எல்லாம் தயாராகத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் ஆடி அவர்கள் எடுத்தது 84. எங்கள் டீம் 82-க்கு ஒன்பது விக்கெட். கடைசி ஜோடி. நாலு பந்து பாக்கி, ஜெயிக்க மூன்று ரன். பௌலர் பக்கம் அம்பயராக நின்றவர் யார் தெரியுமா? அந்தத் தள்ளிப்போன கல்யாணத்தின் மாப்பிள்ளை! நாலு ரன்னில் அவுட்டாகி, பேட்டை வைத்துவிட்டு வந்து நின்றிருந்தார். பந்து போடுகிறவன் அவருடைய மச்சினன். ரன்னர் முனையில் நிற்பது அவருடைய சொந்தத் தம்பி. இந்தக் குடும்ப நாவலை எந்த வாரப் பத்திரிகையும் தொடராகவே போடலாம்.

பந்து மிட்விக்கெட் பக்கம் போனது. ஒரு ரன் ஓடினார்கள். 83. "ரெண்டாவது! ரெண்டாவது!" என்று கரையிலிருந்து எவனோ கத்த, தம்பி திரும்பி ஓடி வந்தான். எறி நேராக பௌலர் கைக்கு வந்தது. ஸ்டம்ப் எகிறியது. தம்பியின் பேட் எங்கே இருந்தது? கோட்டுக்கு அரைச் சாண் வெளியே. எதிர் ஊர் மொத்தமும் "ஹவ்ஸாட்!" என்றது. அரைச் சாண் என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஸ்கோரருக்குத் தெரியாது. அம்பயர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் 'நாட் அவுட்' என்றிருந்தால் ஊர் தோளில் தூக்கியிருக்கும். வெயில்கூட இந்தத் தடவை நிஜமாகவே அவர் கண்ணில் அடித்தது.

அவர் விரலைத் தூக்கினார்.

ஒரு நிமிஷம் கண்மாயில் ஆடு கத்துகிற சத்தம் மட்டும்தான். தம்பி பேட்டை வீசி எறிந்தான். "அண்ணே, நீ எங்க ஊரா, அவுக ஊரா?"

"நான் அம்பயருடா. கோட்டைத் தொட்டியா, தொடலையா? அதை மட்டும் சொல்லு."

தம்பி பதில் சொல்லவில்லை. (அதுதான் பதில்.)

"மொபைல்ல எடுத்திருக்கேன், போட்டுப் பார்க்கலாம்!" என்று ஒரு பொடியன் ஓடி வந்தான். ஆகா, தேர்டு அம்பயர்! இரண்டு டீமும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். முதல் பாதியில் ஓர் ஆட்டுக்குட்டி. மறு பாதி முழுக்க அவன் கட்டைவிரல். டெக்னாலஜி கைவிட்டது. விரல்தான் மிச்சம்.

83 ஆல் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. நானும் எதிர் ஸ்கோரரும் டேலி பண்ணிக் கையெழுத்துப் போட்டோம். எங்கள் கேப்டன் புதுப் பந்தை எடுத்து நீட்டினான். முகத்தைப் பார்த்தால் சொத்தை எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

பந்தை வாங்கிய அவர்கள் கேப்டன் சும்மா போகவில்லை. அம்பயர் பக்கம் திரும்பினான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க பேட்டிங்குக்கும் இவுகளே நிக்கட்டும்."

"உங்க பேட்டிங்குக்கு உங்க ஆளுல்ல நிக்கணும்?" என்றான் எங்கள் கேப்டன்.

"எங்க ஆளுக மேல எங்களுக்கே நம்பிக்கை இல்லப்பா. எங்க மாப்ள மேல இருக்கு."

கரையில் சிரிப்பு. அம்பயர் மட்டும் சீரியஸாக, "ரெண்டு இன்னிங்ஸும் நின்னா ரெண்டு டீ வேணும்" என்றார். அன்றைக்கு சைக்கிள்களுக்கு அவசர வேலை இல்லாமல் போயிற்று.

வீட்டில் என்ன நடந்தது என்று மறுநாள் விசாரித்தேன். மத்தியானம் கோழிக் குழம்பாம். அம்மா தம்பிக்கு லெக் பீஸ் வைத்தார்களாம். அம்பயருக்குக் குழம்பு மட்டும்! நேர்மைக்கு உடனடி டிவிடெண்ட் எதுவும் கிடையாது என்பதை காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன்.

பெரிய கிரிக்கெட்டிலும் இதே நிலவரம்தான். 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட்டில் இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தவித்தது. பாப் டெய்லருக்கு கேட்ச் என்று அம்பயர் அவுட் கொடுத்தாயிற்று. நம் கேப்டன் விஸ்வநாத், 'பேட்டில் படவில்லை' என்று அப்பீலை வாபஸ் வாங்கி அவரைத் திரும்ப ஆட வைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. விஸ்வநாத்துக்கும் அன்றைக்குக் குழம்பு மட்டும்தான். ஆனால் அந்த மேட்ச்சைப் பற்றி இன்றைக்குப் பேசும்போது, போத்தமின் செஞ்சுரிக்குப் பக்கத்திலேயே அவர் பெயரும் வந்துவிடுகிறது.

நடுநிலைக்கு ஆள் தேடி ஐ.சி.சி. மூன்றாவது நாட்டுக்குப் போயிற்று. எங்கள் இரண்டு ஊருக்கும் மூன்றாவது ஊர் தேவைப்படவில்லை. தன் தம்பிக்கு அவுட் கொடுத்த ஓர் ஆள் போதுமானதாக இருந்தது. யார் எந்த ஊர்க்காரர் என்பதை ரேஷன் கார்டு பார்த்துச் சொல்லிவிடலாம். யாரை நம்பலாம் என்பது, தன் டீம் தோற்கிற நேரத்தில்தான் தெரிகிறது.

நமக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிரிக்கெட். அம்பயர் வேலை என்னவோ மற்ற ஆறு நாளும் இருக்கிறது. பக்கத்து சீட் நண்பரின் டிராவல் பில் நம் மேஜைக்கு வரும். பஸ்ஸில் போனவர் டாக்ஸி என்று எழுதியிருப்பார். கோட்டுக்கு அரைச் சாண் வெளியே! நமக்கு மட்டும்தான் தெரியும். 'வெயில் கண்ணைக் கூசிருச்சு' என்று கையெழுத்துப் போடவும் வழி இருக்கிறது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, பேட்டிங் வரவில்லையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், ஓர் ஐந்து ஓவர் அம்பயராக நின்று பாருங்கள். சொந்தக் கட்சிக்காரனுக்கு ஒரு தடவையாவது விரலைத் தூக்கிப் பாருங்கள். ஒரே ஒரு யோசனை மட்டும் சொல்லி முடிக்கிறேன்...

அவன் கையில் இருக்கிற பேட்டை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.