அடுப்பெரியும் கட்டடத்துக்கு எதற்கு விலக்கு?

2024 மார்ச்சில் தமிழக அரசு கொண்டுவந்த கட்டட விதித் திருத்தத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறுங்கள் என்று நாம் கேட்கவில்லை. 300 சதுர மீட்டர் பரப்புக்கும் 14 மீட்டர் உயரத்துக்கும் உட்பட்ட வணிகக் கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சான்று இல்லாததால் மின் இணைப்புக் கிடைக்காமல் சிறு வணிகர்கள் அலைந்த அலைச்சல் பொய்யல்ல. துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் செல்போன் கடைக்கும் அந்தச் சலுகை இருக்கட்டும். விடிகாலை முதல் நள்ளிரவு வரை அடுப்பெரியும் உணவகத்தையும் அதே சலுகைக்குள் விட்டது ஏன்? தலைக்கு மேல் பிறர் தங்கியும் தொழில் நடத்தியும் வரும் கட்டடத்துக்கும் இதுவே விதி என்றால் அது என்ன நியாயம்?

300 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 3,200 சதுர அடி. சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் அது சின்னக் கட்டடம். தேனியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் கடைவீதியில் பெரும்பாலான கட்டடங்கள் அதற்குள்தான் அடங்கும். ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் இடத்தில் மூன்று தளம் எழுப்பி, தளத்துக்கு ஒருவராக வாடகைக்கு விடுவதுதான் நம் ஊர்க் கட்டடத் தொழில். மாநகரத்துக்கு விதிவிலக்காகத் தெரிந்தது நமக்குப் பொது விதியாகவே ஆகிவிட்டது. வரைபட அனுமதி வாங்க வேண்டும் என்பது இன்றும் இருக்கிறது. அந்த வரைபடத்தின்படிதான் கட்டினார்களா என்று கடைசியில் ஒருவர் வந்து நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் போய்விட்டது.

தேனி நேரு சிலையிலிருந்து மதுரை சாலை, பெரியகுளம் சாலை, கம்பம் சாலை என எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே அமைப்பைப் பார்க்கலாம். கீழே உணவகம், அதற்கு மேலே டியூஷன் சென்டரோ பல் மருத்துவரோ நிதி நிறுவனமோ, அதற்கும் மேலே தங்கும் அறைகள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மாடிப்படி. அதன் அகலம் எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும். வரைபடத்தில் அந்தப் படி தெருவைப் பார்த்து, காற்றோட்டமாக இருந்திருக்கும். கட்டி முடித்துக் கடை வந்த பிறகு அது உணவகத்தின் பக்கவாட்டு வழியாகிவிடுகிறது. படிக்கு அடியில் இருக்கும் இடம் வாடகை இல்லாத இடம். பாத்திரம் கழுவும் தொட்டியும் காலி எண்ணெய் டின்களும் வெங்காய மூட்டையும் அங்கே போகின்றன. 19 கிலோ வணிக சிலிண்டர்களும் அங்கேதான் அடுக்கப்படுகின்றன. புரோட்டாக் கல் வாசலில். புகைக்குழாய் பின்பக்கம் செட்பேக் என்று காலியாக விட்ட இடத்தில் ஏறுகிறது. அந்த செட்பேக் இடத்துக்கும் தகரக் கூரை போட்டுச் சமையலறையை நீட்டியிருப்பார்கள். ஆக, பின்னால் இறங்க வழியில்லை. முன்னால் இறங்கும் ஒரே வழி சிலிண்டர்களைத் தாண்டித்தான்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தையும் சாக்கடையையும் படிக்கட்டின் அடிப்பகுதியையும் தேடிப் போய்த் தேங்கும். புகை நேர்மாறானது. கீழே தீப்பிடித்தால் மாடிப்படி வழியாகத்தான் முதலில் மேலேறும். தீ தொடுவதற்கு முன்பே மூச்சை நிறுத்துவது புகைதான். எனவே உணவகம் இருக்கும் கட்டடத்தில் மாடிப்படி எங்கே இருக்கிறது, அதன் அடியில் என்ன இருக்கிறது, இரண்டாவது வழி உண்டா என்பதெல்லாம் மேலே இருப்பவர்களின் உயிர்க் கேள்வி. டியூஷனுக்கு வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கும்? 100 கிலோவுக்கு மேல் எரிவாயு இருப்பு வைத்தால் உரிமம் வேண்டும் என்கிறது மத்திய விதி. ஐந்து சிலிண்டர் வரை 95 கிலோதான். அதனால் அந்த வாசலிலும் யாரும் வந்து நிற்பதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் கொடுப்பவர் சமையலறைச் சுத்தத்தைப் பார்ப்பார். நகராட்சி தொழில் உரிமக் கட்டணத்தை வாங்கும். மாடிப்படியைப் பார்ப்பது என் வேலை என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த வேலையைப் பெயரளவிலாவது செய்திருக்க வேண்டிய கடைசிக் கட்டத்தைத்தான் இவர்கள் நீக்கினார்கள்.

சான்று இருந்த காலத்திலும் கடையாகக் கட்டிப் பிறகு உணவகமாக மாற்றினார்களே என்று கேட்கலாம். மாற்றினார்கள்தான். அப்படியானால் பயன்பாடு மாறும்போதும் வந்து பார்க்க வேண்டும் என்று விதியை இறுக்கியிருக்க வேண்டும். ஓட்டை இருக்கிறது என்று சுவரையே இடித்திருக்கிறார்கள்.

கார்த்திகை பிறந்தால் நம் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவு பகலாக நிற்காமல் ஓடும். போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, வருகிறவர்களைக் குமுளி வழியாக இறக்கினாலும் சாலை தாங்குவதில்லை. சாப்பாட்டுக்கு நிற்கும் கூட்டம் அப்படியே மாடி அறைகளில் படுத்தும் எழுகிறது. கார்த்திகை, மார்கழி என்ற இரண்டு மாதங்களுக்கென்றே திறக்கும் உணவகங்களும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து, கட்டடத்தின் மூலை முடுக்கு தெரியாமல், களைத்துத் தூங்குபவர்கள் மேலே. விடிய விடிய எரியும் அடுப்பு கீழே. இதை நினைத்துப் பார்த்த பிறகுமா அந்தக் கையெழுத்தைப் போட்டார்கள்?

கும்பகோணத்தை இவர்கள் மறந்திருக்க முடியாது. 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன. சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவியது. குறுகிய படியில் இறங்க முடியாமல் 94 குழந்தைகள் கருகினார்கள். பத்து ஆண்டு கழித்து வந்த தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பில் 10 பேர் குற்றவாளிகள் ஆனார்கள், 11 பேர் விடுவிக்கப்பட்டார்கள். 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில், பல அலுவலகங்கள் இயங்கிய கட்டடத்தின் மொட்டைமாடி உணவகத்தில் பிடித்த தீ 14 பேரைக் கொன்றது. நமக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் மாண்டார்கள். புகையிலிருந்து தப்ப லிப்டுக்குள் ஏறியவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். விலக்கு கொடுத்து ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகியிருந்த நேரம் அது. அதற்குப் பிறகாவது விதியை எடுத்து வைத்து ஒருமுறை படித்திருக்க வேண்டாமா?

அனுமதி ஒன்று, நடப்பது வேறு என்பதற்குத் தேனி மாவட்டத்தைவிடப் பெரிய விலை கொடுத்த மாவட்டம் எது? 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றம் போன 23 பேரைக் காட்டுத்தீ கொண்டுபோனது. அனுமதி வாங்கிய பாதை ஒன்று, அவர்கள் போன பாதை வேறு என்று பிறகு சொன்னார்கள். அடிவாரத்தில் சீட்டுக் கொடுத்தவர்கள் மலைக்குள் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்க்கவில்லை. விசாரணை வைத்தார்கள், பணியிடை நீக்கமும் செய்தார்கள். நேரில் பார்க்காமல் கொடுக்கும் அனுமதி உயிரை வாங்கும் என்ற பாடம் மட்டும் கோட்டை வரை போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர்ந்தாலும் அங்கே நிற்பதில்லை. விதி மீறிய கட்டடங்களை இந்த ஒருமுறை மட்டும் வரன்முறைப்படுத்துகிறோம் என்று 1999-இல் ஆரம்பித்தார்கள். 2000, 2001, 2002 என்று அந்த ஒருமுறை நீண்டுகொண்டே போனது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அதன் பிறகும் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கென்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். சென்னை தியாகராய நகரில் அனுமதித்ததைக் காட்டிலும் கூடுதல் மாடிகளோடு நின்ற ஜவுளிக்கடை 2017 மே 31-இல் எரிந்து, இடித்துத் தள்ளப்பட்டது. அந்தக் கூடுதல் மாடிகள் இரவோடு இரவாக முளைத்தவை அல்ல. ஆட்சி மாறியிருக்கிறது, அமைச்சர் மாறியிருக்கிறார், துறைச் செயலர்கள் எத்தனையோ பேர் மாறியிருக்கிறார்கள். மீறியவனுக்கு இரங்குவதும் மாடியில் இருப்பவனை மறப்பதும் மாறவில்லை. இறந்த பிறகு நிவாரணத் தொகையை அறிவிக்க ஒரு நாளில் முடிகிறது. இறக்காமல் பார்த்துக்கொள்ளும் விதியைக் காக்க இருபது ஆண்டுகளாக முடியவில்லை. இதைக் கவனக்குறைவு என்று சொல்லி இனியும் விட்டுவிட முடியாது.

வணிகர்களை மறுபடியும் அலுவலக வாசலில் நிறுத்துங்கள் என்பதல்ல நம் கோரிக்கை. லஞ்சத்துக்கு இன்னொரு கதவைத் திறக்கவும் சொல்லவில்லை. வணிக அடுப்பு வைத்து, மற்றவர்களோடு ஒரே படியைப் பகிரும் எந்தக் கட்டடத்துக்கும், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், இந்த விலக்கு பொருந்தாது என்று அறிவிக்க வேண்டும். நகர் ஊரமைப்புத் துறையும் நகராட்சியும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். யார், எப்படி, எத்தனை நாளில் என்பதை அவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

அதுவரை நம் நகர்மன்ற உறுப்பினர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அவரவர் வார்டில் உணவகம் உள்ள கட்டடங்களின் மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். படிக்கு அடியில் சிலிண்டர் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அதற்குக் கோட்டையிலிருந்து ஆணை வர வேண்டியதில்லை.