சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

கார் ரேஸ் என்றாலே தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருபவர் அஜித். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும் ஊரே கொண்டாடியது. அடுத்து நரேன் கார்த்திகேயன் பெயரைச் சொல்வார்கள். சரி, நம் ஊரில் இவர்கள் மாதிரி ஆட்களுக்கு ஓட்டுவதற்கு இடம் எப்படிக் கிடைத்தது? அரசாங்கம் கட்டித் தரவில்லை. எந்தப் பெரிய கம்பெனியும் கட்டவில்லை. கட்டியது ஒரு கிளப்!

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சுருக்கமாக எம்.எம்.எஸ்.சி. 1953இல் ஆரம்பிக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். 2010இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய கருண் சந்தோக் அவருடைய பேரன்தான்.

கிளப் இருந்தது, ஆர்வம் இருந்தது. தடம் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. அதில் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். இது நம் ஊர் ஏழ்மை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான். அமெரிக்காவில் கூட 1950களின் தொடக்கத்தில் அங்குள்ள ஸ்போர்ட்ஸ் கார் கிளப், விமானப்படைத் தளங்களைக் கேட்டு வாங்கித்தான் பந்தயம் நடத்தியது.

அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் காரில்தான். அது லைசென்ஸ் ராஜ் காலம். புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தால் ஒரு அம்பாசடரோ ஃபியட்டோ சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ கிடைக்கும். வெளிநாட்டுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆகவே இருக்கிற காரின் பாடியைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினைக் குடைந்து ஒரு புது வண்டி செய்வார்கள். அதற்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். 1980களில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார் என்பது உண்மைதான். ஆனால் சோழவரத்தின் உண்மையான சாதனை அந்த ஸ்பெஷல்கள்தான். ஓட்டுபவர் பணக்காரராக இருக்கலாம். ஆனால் அந்த வண்டியை ஓட வைத்தவர் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப் மெக்கானிக்!

அந்த வழியில் வந்தவர்தான் கோயம்புத்தூர் கரிவர்தன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை 1980களின் பிற்பகுதியில் கொண்டு வந்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், செலவு குறைவு. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அதில்தான். கருண், அஜித் இருவரும் அதை ஓட்டியவர்களே. 1995இல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்தார். கோவையில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் நினைவாகப் பெயரிடப்பட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பராக்பூரிலும் பம்பாய் ஜுஹுவிலும் கூட ஒரு காலத்தில் விமானத்தளங்களில் பந்தயம் நடந்தது. எல்லாம் நின்று போனது. அடுத்தவர் நிலத்தில் எத்தனை வருடம் ஓட்ட முடியும்? சோழவரமும் பாதுகாப்புத் துறையின் இடம்தான். எம்.எம்.எஸ்.சி. செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி, 3.7 கிலோமீட்டர் தடம் போட்டு 1990இல் திறந்தது. இந்தியாவின் முதல் நிரந்தர ரேஸ் டிராக் அது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஹூண்டாய் தொழிற்சாலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியதே 1998இல்தான். அந்த வட்டாரத்தில் நிலத்தின் விலை பிறகு எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. விற்றுவிட்டுப் போயிருக்கலாம். விற்கவில்லை.

கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2011இல் பிரம்மாண்டமாகத் திறந்தார்கள். 2013க்குள் மூன்றே மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்கள், அதோடு சரி. வரித் தகராறு உச்சநீதிமன்றம் வரை போனது. 2023இல் மோட்டோஜிபி ஒருமுறை வந்தது. காமர்ஸில் சொல்வது போல, நிலையான செலவு மலை அளவு இருக்கும்போது அதை ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சியின் தலையில் கட்டினால் கணக்கு உதைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் சாம்பியன்ஷிப், பைக் சாம்பியன்ஷிப், கம்பெனிகள் நடத்தும் போட்டிகள், பயிற்சி என்று சின்னச் சின்னதாக வருடம் பூராவும் ஏதாவது நடக்கிறது. பெட்டிக்கடை வியாபாரம் மாதிரிதான். ஆனால் கடை திறந்தே இருக்கிறது!

'இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு' என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. கார், டயர், பயணம் என்று ஆகும் செலவை ஒரு நடுத்தரக் குடும்பத்தால் தாங்க முடியாது. ஆனால் அதற்கு மருந்து ஃபார்முலா மாருதி போன்ற மலிவான வண்டிகள் மறுபடி வருவதுதான். தடத்தை மூடுவது மருந்தாகாது. தடம் இல்லையென்றால் வேக ஆசை உள்ள பையன்கள் ஈ.சி.ஆர். சாலைக்குத்தான் போவார்கள்.

இன்னொரு குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. 2023 ஜனவரியில் 59 வயது அனுபவசாலி ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இந்தத் தடத்தில் நடந்த பந்தயங்களில் இறந்தார்கள். ரேஸில் ஆபத்து சகஜம் என்று சொல்லிக் கடந்துபோகக் கூடாது. அதிலும் 13 வயதுப் பிள்ளை விஷயத்தில் கூடவே கூடாது. அமெச்சூர் என்றால் ஆர்வத்துக்காக விளையாடுபவர் என்று பொருள். பாதுகாப்பில் அரைகுறையாக இருப்பவர் என்று பொருள் இல்லை. எந்த வயதில் எந்த வண்டியை ஓட்டலாம் என்பதில் கிளப்பும் தேசிய சம்மேளனமும் கறாராக இருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஸ்ட்ரீட் ரேஸ் நடந்தது. அரசு முன்னின்று செய்தது. கூட்டம் வந்தது, டிவியில் வந்தது. நல்லதுதான். ஆனால் பந்தயம் முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றிவிட்டார்கள், சாலை பழையபடி சாலையானது. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு நிரந்தரத் தடம் 1990லிருந்து அப்படியே இருக்கிறது. அரசின் அக்கறையில் ஒரு பங்கு அங்கேயும் போகட்டும். பாதுகாப்பு வசதிகளுக்கு உதவலாம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் வண்டி செய்து ஓட்டிப் பார்க்க ஒரு மலிவுப் பிரிவைத் தொடங்கலாம்.

அடுத்த நரேன் ஸ்ட்ரீட் ரேஸின் வெளிச்சத்திலிருந்து வரமாட்டார். ஆளே இல்லாத ஒரு வார நாளில், இருங்காட்டுக்கோட்டையில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகித்தான் வருவார்.