தாத்தா ரிவால்வரும் தேய்மானக் கணக்கும்

நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். காபி முடிந்ததும் பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரித்தால், வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர். பர்மிங்ஹாமில் செய்தது. நம் அப்பாக்கள் டவுசர் போட்டுத் திரிந்த காலத்துச் சரக்கு. .32 காலிபர். லைசென்ஸ் எல்லாம் பக்கா. என்ன விலைக்கு வாங்கினார் என்று சொன்னபோது கையிலிருந்த பிஸ்கட் காபிக்குள் விழுந்துவிட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாம்.

"எத்தனை தடவை சுட்டிருக்கீங்க?"

"நாலு ரவுண்டு. வாங்கின புதுசுல, டெஸ்ட் பண்ண."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்கு சார்? இதெல்லாம் இன்வெஸ்ட்மென்ட்!"

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷமே தேய்மானம் என்று ஒரு சமாசாரம் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த இயந்திரமாக இருந்தாலும் வருஷா வருஷம் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சுவது காயலான் கடை விலை. ஸ்பிரிங் தளர்ந்து, குழல் தேய்ந்து போகக்கூடிய ஒரு இயந்திரம் மட்டும் எப்படி வயசாக ஆக விலை ஏறுகிறது? அபூர்வமான கலைப்பொருளா? கிடையாது. வெப்ளி .32 ஒரு காலத்தில் கடையில் வாங்கக் கிடைத்த சாதாரண ரிவால்வர். அதை அபூர்வமாக்கியது பர்மிங்ஹாம் இல்லை, டெல்லி.

1980களின் மத்தியில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்கு மத்திய அரசு பூட்டுப் போட்டது. பேர் வாங்கிய துப்பாக்கி சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. அதற்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியது எதுவோ, அதுதான் இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கிறது. உள்ளூரில் ரிவால்வர் செய்து விற்கும் உரிமையை அரசாங்கம் பல வருஷம் தன் ஆயுதத் தொழிற்சாலைகளிடமே வைத்துக்கொண்டது. கான்பூரில் செய்த .32 ரிவால்வரும் அதே வெப்ளியின் பழைய வடிவத்தை ஒட்டியதுதான். 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விலை சுமார் 1.22 லட்சம்! எந்தப் பெண்ணுக்கு என்று மட்டும் சொல்லவில்லை. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் தனியார் தயாரிப்புக்குக் கதவைத் திறந்தன. ஆனாலும் 'ஒரிஜினல் இங்கிலீஷ் சார்' என்ற மந்திரத்தின் மவுசு மட்டும் குறைந்தபாடில்லை.

சரி, ஏன் எல்லோரும் .32 பின்னால் ஓடுகிறார்கள்? அது பெரிய சூரன் என்றா? இல்லவே இல்லை. 1896-ல் அமெரிக்காவில் பிறந்த தோட்டா அது. இன்று உலகத்தில் அதற்குக் கௌரவம் இருப்பது பந்தய மைதானத்தில்தான். அட்டையில் ஓட்டை போடும் போட்டிக்கு அமைதியான, துல்லியமான தோட்டா. நம் ஊரில் மட்டும் அது தற்காப்புச் சிங்கம். காரணம், .380, .455, 9 எம்.எம். போன்றவை ராணுவ, போலீஸ் தோட்டாக்கள் என்று தடைப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் படியேற வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. .455 வெப்ளி மார்க் 6 என்பது 1915-ல் வந்தது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கியது. 1947-ல் பிரிட்டிஷ் ராணுவமே அதைக் காலாவதி என்று கைகழுவிவிட்டது. 1947! அவர்கள் நம்மைக் கைகழுவிய அதே வருஷம். அந்தத் தோட்டா இன்னமும் நம் விதிகளில் ராணுவத் தோட்டாவாகவே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த .455 ஒரு வீட்டில் இருந்தால், பேரனுக்கு அது சொத்து இல்லை, தலைவலி.

ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 45-ல் நல்ல வரி ஒன்று இருக்கிறது. வழக்கொழிந்த வகையோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. படிக்க ஜோராக இருக்கிறது. ஆனால் எது வழக்கொழிந்தது, எந்தக் காலிபர், எந்த வருஷத்துக்கு முந்தையது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதை நம்பி எந்தப் பேரன் ஸ்டேஷனுக்குப் போய், "ஐயா, எங்க வீட்ல ஒரு ரிவால்வர் இருக்கு, ஆனா பழசு" என்று சொல்வான்? 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோதாவது இதைத் தெளிவாக்கினார்களா? ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை ஒன்று என்று குறைக்கப் பார்த்து, பரம்பரைத் துப்பாக்கிக்காரர்கள் கூச்சல் போட்டதும் இரண்டு என்று பேரம் முடித்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தார்கள். வயசைப் பார்க்கவில்லை.

பிரிட்டனைப் பாருங்கள். 1996-ல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே தனியார் கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய முழுத் தடை. நம்மைவிடக் கடுமையான சட்டம். ஆனால் அந்தச் சட்டத்துக்குக் கண் இருக்கிறது. வரலாற்று முக்கியத்துவம் உள்ள கைத்துப்பாக்கிகளைப் பிஸ்லி மாதிரி குறிப்பிட்ட மையங்களில் பூட்டி வைக்கலாம். அங்கேயே போய்ச் சுட்டும் பார்க்கலாம். தோட்டா வழக்கொழிந்த காலிபர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதிலுள்ள பழங்கால ரிவால்வரை வரவேற்பறையில் அலங்காரமாக வைத்துக்கொள்ள லைசென்ஸே தேவையில்லை. குற்றவாளிகள் இந்தச் சந்து வழியாகப் புகுந்து, பழைய ரிவால்வர்களுக்குத் தோட்டா தயாரித்துப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். என்ன செய்தார்கள்? 2021 மார்ச்சில் ஏழு காலிபர்களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஏழே ஏழு. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தவில்லை.

'நீ என்ன துப்பாக்கிக் கட்சியா?' என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு ரிவால்வர் கொடு என்று நான் கேட்கவில்லை. இருக்கிற பழசு எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று யாராவது முறையாகப் பார்க்கட்டும் என்கிறேன். பழைய ரிவால்வர் என்பது சுவர்க் கடிகாரம் இல்லை. ஆரம்ப கால வெப்ளிகள் கரிமருந்துத் தோட்டாவுக்காகச் செய்தவை. போருக்குப் பிறகு அமெரிக்காவில் .455 வெப்ளிகளை மலிவாக விற்றார்கள். அந்தத் தோட்டா அங்கே சுலபமாகக் கிடைக்காது. அதனால் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி, தாராளமாகக் கிடைத்த .45 ஏ.சி.பி. தோட்டாவை நுழைத்தார்கள். அந்தத் தோட்டா தரும் அழுத்தம், அந்த ரிவால்வர் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதைவிட வெகு அதிகம். சுடுகிறவன் முகத்துக்கு எதிரே ஒரு சின்ன வெடிகுண்டு. .38 என்று பெயர் இருக்கிறதே என்று எல்லா .38-ஐயும் ஒன்றாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குண்டாக இருக்கும், .38 ஸ்பெஷல் ஒல்லியாக, நீளமாக இருக்கும். பெயர்தான் ஒன்று, பொருத்தம் வேறு. நம்ம ஊர் ஜாதகம் மாதிரி!

இதையெல்லாம் சொல்ல நண்பருக்கு யார் இருக்கிறார்கள்? காசு வாங்கிக்கொண்டு விற்றவர் சொல்வாரா? லைசென்ஸில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர், மடக்கும் இடத்தில் கொக்கி தளர்ந்திருக்கிறதா, சிலிண்டர் ஆடுகிறதா என்று பார்க்கமாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

தோட்டா எங்கே என்று கேட்டேன். மேஜை டிராயரைச் சர்ரென்று இழுத்தார். பேனா, பழைய சாவி, செக் புத்தகம், இவற்றுக்கு நடுவே பித்தளைத் தோட்டாக்கள் உருண்டு ஓடின.

1967 ஜனவரி 12-ம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டும் எம்.ஜி.ஆர். பிழைத்தார். தன்னையே சுட்டுக்கொண்ட ராதாவும் பிழைத்தார். தோட்டா பழசு, டிராயரில் உருண்டு உருண்டு வீரியம் போய்விட்டது என்று ஒரு விளக்கம் இன்றுவரை சொல்லப்படுகிறது. நண்பரிடம் அதைச் சொன்னேன்.

"அட, அப்படியா! இதுவும் ஆச்சு சார், ஒரு பத்து பன்னண்டு வருஷம்" என்று சிரித்தபடி டிராயரை மூடினார். தோட்டாக்கள் மறுபடி உருண்டன.