இறகு பிடுங்கிய அம்பு

காலை நிகழ்ச்சி முடிந்து ஸ்டூடியோ கதவைச் சாத்திவிட்டால் எனக்குப் பேசப் பிடிக்காது. நாலு மணி நேரம் மூச்சு விடாமல் பேசியவனுக்கு வேறு என்ன வேண்டும்? வில் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். இழு, நில், விடு. யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

என் கையில் இருப்பது மாமாவின் வில். அம்மாவின் அண்ணன். கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1980களின் கடைசியில் ஊருக்குக் கிளம்பிய ஓர் ஆஸ்திரேலியப் பொறியாளர் அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மரமும் கண்ணாடி இழையும் ஒட்டிச் செய்த வேட்டை வில். சக்கரம் கிடையாது, குறி பார்க்கும் கருவி கிடையாது. 28 அங்குலம் இழுத்தால் 55 பவுண்டு. புரியும்படி சொன்னால், 10 கிலோ அரிசிப் பை இரண்டரையை மூன்று விரலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம் குறியும் பார்க்க வேண்டும்.

மாமா எந்த உயிரையும் எய்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் கோணிப்பையில் பழந்துணி அடைத்து அதைத்தான் எய்வார். "என் கை கோணல் மருமகனே. நேரா பார்த்து விட்டா இடது பக்கம்தான் போவும். அதனால வலது பக்கம் பார்த்து விடுவேன், நடுவுல விழும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஒருமுறை வில் பிடிக்கிற நாலு பேர் கூடின இடத்துக்குப் போயிருக்கிறார். அவர் குறி பார்க்கும் கோணத்தைப் பார்த்து யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றைக்குப் பரண் ஏறியது வில். பிறகு தோள்பட்டையும் போய்விட்டது.

போன வருடம் அதைத் தூசி தட்டி என்னிடம் கொடுத்தார். நானும் கடைக்குப் போனேன். "கனமான வில்லா? நல்ல விறைப்பான அம்பா எடுங்க" என்றார்கள். ஒரு டஜன் கார்பன் அம்புகள், என் கைக்கு அளவாக 28 அங்குலத்தில் வெட்டியாயிற்று. விலையை மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

எய்தேன். எல்லாம் இடது பக்கம். கோணல் கை குடும்பச் சொத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சத்தம் சரியில்லை. காதுதானே என் பிழைப்பு. ஒவ்வொரு முறை விடும்போதும் 'டிக்' என்று ஒரு சின்ன உரசல். அதற்கு மேல் சட்டியைக் கரண்டியால் தட்டியது போன்ற அதிர்வு. கைப்பேசியில் பதிவுசெய்து ஒலிப்பதிவு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அலைவரிசையில் இரண்டு முள் தெளிவாகத் தெரிந்தது. அம்பு வெளியே போகிற வழியில் வில்லில் இடித்துக்கொண்டு போகிறது.

அர்ச்சுனன் குருவியின் கண்ணை மட்டும் பார்த்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். அவனுக்கு அம்பு செய்து கொடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை!

விஷயம் இதுதான். பழைய பாணி வில்லில் கைப்பிடி நடுவில் இருக்கிறது. அம்பு அதன் பக்கவாட்டில்தான் உட்கார முடியும். வலது கைக்காரருக்கு அம்பின் முனை சற்று இடது பக்கம் பார்க்கும். நாண் தள்ளுவதோ வில்லின் நடுவை நோக்கி. அப்படியானால் அம்பு இடது பக்கம் அல்லவா போக வேண்டும்? நேராகப் போகிறதே! இந்தப் புதிருக்கு 1913இல் 'வில்லாளியின் முரண்' என்ற பொருளில் பெயர் வைத்தவர் ஈ. ஜே. ரெண்டார்ஃப் என்ற அமெரிக்கர். விடை 1930களில் கண்ணுக்குத் தெரிந்தது. கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அறிவியலாளர் அதிவேகப் படமெடுத்துக் காட்டினார்: நாண் தள்ளியதும் அம்பு மீன்போல வளைகிறது, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது, பிறகுதான் நிமிர்கிறது.

அதாவது, வளையத் தெரிந்த அம்புதான் நேராகப் போகும். விறைப்பு அதிகமானால் வளையாமல் வில்லில் உரசி இடது பக்கம் ஓடும். குறைந்தால் அளவுக்கு மேல் வளைந்து வலது பக்கம் ஓடும்.

இறகு இந்தக் குற்றத்தை மறைத்துவிடும். வாலைப் பிடித்து இழுத்துப் பறக்கும் வழியிலேயே சரிசெய்யப் பார்க்கும். ஆனால் அதற்குக் கொஞ்ச தூரம் வேண்டும். வேட்டைக்காரர்கள் இப்படிப்பட்ட வில்லை 15, 20 மீட்டருக்குள்தான் எய்வார்கள். அகலமான பிளேடு பதித்த முனை வேறு. அது முன்பக்கம் முளைத்த சிறகு மாதிரி அம்பைத் திருப்பும். கோணலாகப் போய்ப் படுகிற அம்பு ஆழமாக இறங்காது. விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடும். அதனால்தான் அமெரிக்காவில் இவ்வகை வில்லோடு காட்டுக்குப் போகிறவர்கள் பருவம் தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே அம்போடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அவர்கள் செய்கிற சோதனையைத்தான் நானும் செய்தேன். ஆறு அம்பில் இரண்டின் இறகைச் சுரண்டி எடுத்துவிட்டு, 10 மீட்டரிலிருந்து எல்லாவற்றையும் எய்தேன். இறகுள்ள நான்கும் ஓரிடத்தில். மொட்டை அம்பு இரண்டும் அதற்கு ஒரு சாண் இடது பக்கம், கொஞ்சம் மேலே. மேலே போனால் நாணில் அம்பு மாட்டும் இடம் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். 2 மில்லிமீட்டர் உயர்த்தியதும் தீர்ந்தது. இடது பக்கம் தீரவில்லை. முனையின் எடையைக் கூட்டினால் அம்பு அதிகம் வளையும். 100 கிரெய்ன் முனையை 250 வரை ஏற்றிப் பார்த்தேன். அப்போதும் ஓடியது. நீளம் கூடினாலும் வளையும்தான். ஆனால் வெட்டிய அம்பை எப்படி நீட்டுவது?

கிரெய்ன் என்றால் தானிய மணிதான். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்தது போல மேல்நாட்டார் வாற்கோதுமை மணியை வைத்தார்கள். 15 மணிக்குச் சற்று மேல் சேர்ந்தால் 1 கிராம்.

இந்த முறை அவசரப்படவில்லை. விறைப்பு குறைந்த மூன்றே மூன்று அம்பு, வெட்டாமல், 32 அங்குலம். 200 கிரெய்ன் முனை. மொட்டையாக எய்தால் இப்போது வலது பக்கம் ஓடியது. மகிழ்ச்சி! வெட்டத்தான் இடமிருக்கிறதே. பின்பக்கத்திலிருந்து கால் அங்குலம் வெட்டு, எய், மறுபடி கால் அங்குலம். மூன்று சனிக்கிழமைகள். 30 அங்குலத்துக்கு வந்தபோது மொட்டை அம்பும் இறகம்பும் 18 மீட்டரில் பக்கத்துப் பக்கத்தில் குத்தி நின்றன. நிறுத்துப் பார்த்தால் 545 கிரெய்ன், 35 கிராம். பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்பது இந்த வட்டாரத்தில் பழைய கணக்கு. என் முதல் அம்பு 400தான் இருந்தது. அம்பு லேசாக இருந்தால் மிச்ச வேகம் வில்லிலேயே தங்கி அதிரும். சட்டிச் சத்தம் அதுதான். இப்போது தலையணையில் குத்தியது போல 'தும்' என்று மட்டும் கேட்கிறது.

அப்போதுதான் மாமாவின் பழைய அலுமினிய அம்புகள் ஞாபகம் வந்தன. பிவிசி குழாய்க்குள் போட்டு வைத்திருந்தார். விறைப்பை அளப்பது கஷ்டமில்லை. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி, நடுவில் 880 கிராம் எடை, எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்து, மினரல் தண்ணீர் பாட்டிலில் மணல் போட்டுத் தொங்கவிட்டேன். 9 மில்லிமீட்டர்கூடத் தாழவில்லை. என் புதிய அம்பு 10 தாழ்கிறது. மாமாவின் கைக்கு 12 ஆவது தாழ்ந்திருக்க வேண்டும்.

அவை அந்த ஆஸ்திரேலியரின் அம்புகள். ஆறடி தாண்டிய ஆள். 30 அங்குலத்துக்கு மேல் இழுத்திருப்பார், வில் 60 பவுண்டு கொடுத்திருக்கும். மாமா குள்ளம். 26 அங்குலம் இழுத்தால் அதிகம். 50 பவுண்டுகூட வந்திருக்காது. அந்த விசைக்கு அந்த அம்பு வளையவே வளையாது.

ஞாயிற்றுக்கிழமை அவரைத் திடலுக்கு அழைத்துப்போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வில்லைத் தூக்கியதுமே, "வலது பக்கம் பார்த்து விடு" என்றார், பழக்கத்தில்.

"நேராவே பார்க்கிறேன் மாமா."

மொட்டை அம்பைத்தான் முதலில் விட்டேன். நடுவில் போய் நின்றது. எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தார். பழைய அம்பைக் கையில் கொடுத்து, பாட்டில் கதை, 12 மில்லிமீட்டர் கதை எல்லாம் சொன்னேன். ரேடியோவில் பேசுவது போலவே கடகடவென்று சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப என் கை?"

"உங்க கை நேராத்தான் இருந்துச்சு மாமா. இது அவருக்குச் செஞ்ச அம்பு."

அம்பை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பன்னிரண்டு எய்தலையும் பார்த்தார். வீடு திரும்பும்போது, டோல் தாண்டிய பிறகு, 20 பவுண்டில் வில் கிடைக்குமா, தோள் தாங்குமா என்று கேட்டார். டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வரும் சனிக்கிழமை அவர் கையை அளக்கப் போகிறேன்.