பாட்டு கேட்பது நாமும்தானே!



இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி மனம் நொந்து எழுதியிருந்தார். புதுக் காரில் கம்பெனிக்காரனே பாட்டு கேட்கும் வசதியை வைத்துக் கொடுத்திருக்க, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும் என்று கணவர் எழுபதாயிரம் கேட்கிறாராம். இந்த ஆண்களின் பைத்தியத்துக்கு மருந்தே கிடையாதா என்று கேட்டிருந்தார்.

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் 2022-ல் இதே சண்டை, இதே தொகை. ஆனால் அந்தச் சகோதரி சொல்கிற மாதிரி இதை மொத்தமாக வெட்டிச் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கட்சி. 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று நாம் விலகி நிற்பதால்தான் செலவு எழுபதாயிரத்தில் போய் நிற்கிறது.

நாங்கள் காரை 2019-ல் வாங்கினோம். திருச்சியிலிருந்து மாசம் ஒரு தரமாவது கும்பகோணம் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கும், அப்படியே நாத்தனார் வீட்டுக்கும் போய் வருவோம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்பது இந்த நாலு மணி நேரம்தான். அதனால் எனக்கும் அது பெரிய விஷயம்தாங்க.

அந்தப் பாட்டு கேட்ட லட்சணத்தைச் சொல்கிறேன். சுசீலா அம்மாவின் குரல் முழங்காலுக்குக் கீழிருந்து வரும். வார்த்தை புரியவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் கதவே 'கிர்ர்' என்று அதிரும். முன் சீட்டில் உட்காரும் என் மாமியார், "என்னடா பாடுறா, வாயில வெத்தலைய அதக்கிக்கிட்டா பாடுறா?" என்று கேட்பார். குறை பாடினவர் மேல் இல்லை. காரோடு வருகிற ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் லேசான காகிதக் கூம்பும் சின்னக் காந்தமுமாகத்தான் இருக்கும். காரின் மொத்த விலையில் எங்கெங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்பவர்களுக்குக் கண்ணில் படாத இடம் அதுதானே!

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை வேறு விதம். 1996-ல் நாங்கள் வாங்கிய பழைய மாருதி 800-ல் பாட்டுக்கென்று ஒன்றுமே கிடையாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஒரு கேசட் பிளேயரும், பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் வைக்க இரண்டு ஸ்பீக்கரும் மாட்டிக்கொண்டு வந்தோம். பிடிக்கவில்லையென்றால் உருவி எடுத்துவிட்டு வேறு சொருகலாம். இப்போது வருகிற கார்களில் பல, ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங்கில் இருக்கிற பட்டன், போன் என்று எல்லாவற்றையும் அந்த முன் திரையோடு முடிச்சுப் போட்டு வருகின்றன. அதைப் பிடுங்கினால் வேலை ஒன்றுக்கு நாலாகும்.

என்னவர் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்றார். ஒரு கடையில் போய் விலைப்பட்டியலும் வாங்கி வந்துவிட்டார். புதுத் திரை, நாலு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் வைக்க ஒரு பெரிய சப்வூஃபர் பெட்டி. ஆகமொத்தம் எழுபத்தெட்டாயிரம். மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டிய மாசம் அது. நான் மூன்று நாள் பேசவில்லை.

பேச வைத்தது ஒரு கெட்ட செய்தி. நாத்தனார் மகன், மனைவி, எட்டு மாசக் குழந்தையோடு தஞ்சாவூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, பாபநாசத்துக்குப் பக்கத்தில் காருக்குள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் காலடியில் புகை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் குதித்திருக்கிறாள் அந்தப் பெண். நல்லவேளை, பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்து பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டார். தீப்பிடிக்கவில்லை.

காரணம், இரண்டு மாசம் முன் மாட்டிய ஆம்ப்ளிஃபயர்! பேட்டரியிலிருந்து உள்ளே வருகிற கனத்த ஒயர், தகடு ஓட்டை வழியாக வருகிற இடத்தில் ரப்பர் வளையம் போடவில்லை. ஓடுகிற அதிர்ச்சியில் தகட்டில் உரசி உரசித் தோல் கிழிந்து, ஒயர் வண்டியின் உடம்பைத் தொட்டுவிட்டது. பேட்டரி பக்கத்தில் ஃபியூஸும் இல்லை. ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே, அது போதாதா என்று கடைக்காரர் கேட்டாராம். நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். கேஸ் சிலிண்டரின் தலையிலேயே ரெகுலேட்டர் எதற்கு இருக்கிறது? அடுப்பில் மட்டும் திருகு இருந்து, நடுவில் டியூப் ஓட்டையானால் அடுப்புத் திருகை மூடி என்ன பிரயோஜனம்? அதே கதைதான். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

இன்னொரு கூத்து, கம்பெனி ஒயர்களை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். சர்வீஸ் சென்டரில், ஒயரை வெட்டியதால் அந்தப் பகுதிக்கு வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். இத்தனைக்கும் வெட்டாமல் சொருகுகிற மாதிரி கப்ளர் ஒயர்கள் பெரும்பாலான கார்களுக்குக் கடையிலேயே கிடைக்கின்றன. சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

அன்றைக்கு ராத்திரி இவரிடம், "வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா கடைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

போனோம். கடை வாசலில் இறங்கியதும் அந்தப் பையன், "மேடம், நீங்க உள்ள ஏ.சி.யில உக்காருங்க, சாருக்கு நான் காட்டுறேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. புடவைக் கடையில் இவரை யாராவது வெளியே உட்காரச் சொல்கிறார்களா? கேட்கப் போகிற காது எனக்கும் இரண்டு இருக்கிறதே! "நானும் கேக்கிறேம்ப்பா" என்று நின்றுகொண்டேன்.

அவன் போட்டுக் காட்டிய பாட்டு, பாட்டே இல்லை. 'டும் டும்' என்று நெஞ்சில் குத்துகிற இங்கிலீஷ் சத்தம். அதில் எந்த ஸ்பீக்கரும் பிரமாதமாகத்தான் இருக்கும். நான் என் போனில் மூன்று எடுத்துப் போயிருந்தேன். சுசீலா அம்மா தனியாகப் பாடுகிற பழைய பாட்டு ஒன்று, எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று, நாதஸ்வரம் தவில் ஒன்று. தவிலை மட்டும் விடாதீர்கள் சகோதரிகளே. வலந்தலையில் விரல் கூடு விழுகிற சுள்ளென்ற சத்தமும், தொப்பியில் கோல் விழுகிற கனமான சத்தமும் தனித்தனியாகக் கேட்டால் அது நல்ல ஸ்பீக்கர். இரண்டும் கலந்து கூழானால் பெட்டியில் ஆயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்தாலும் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள். அந்த ஆயிரம், ஒரு நொடி தாங்குகிற கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதுதான் நிஜம். கார்த் திரையிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்கு வருவதே சுமார் 15-லிருந்து 20 வாட்ஸ்தான் என்கிறபோது, குறைந்த சக்தியிலேயே நன்றாகப் பாடுகிற ஸ்பீக்கராகக் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அந்தக் கடையில் வேலை செய்கிற வயதான மெக்கானிக் ஒருவர் சொன்னதுதான் எங்கள் பணத்தை மிச்சப்படுத்தியது. "அம்மா, ஸ்பீக்கர் பாதி, கதவு பாதி" என்றார். கதவு என்பது மெல்லிய தகடு, உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் அந்த ஓட்டை வழியாகச் சேர்ந்து, கனமான சத்தத்தை ஒன்றையொன்று தின்றுவிடுமாம். எவர்சில்வர் தட்டைத் தட்டினால் 'கிண்' என்கிறது, ஈரத்துணியைப் போட்டுத் தட்டினால் அடங்கிவிடுகிறதில்லையா? அதுபோலக் கதவுத் தகட்டின் மேல் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி, ஓட்டைகளையும் மூடுகிறார்கள். விலை குறைவு என்று தார் ஷீட் ஒட்டச் சொல்லாதீர்கள். நம்மூர் சித்திரை வெயிலில் இளகி நாறும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற துவாரங்களை அடைக்காமல் விட்டார்களா என்று குனிந்து பாருங்கள். அடைத்தால் துரு பிடிக்கும்.

முடிவில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். திரையைத் தொடவில்லை. பின் கதவு ஸ்பீக்கர்களைத் தொடவில்லை. முன்னால் இரண்டுக்கு மட்டும் காம்பொனென்ட் செட் ஒன்பதாயிரத்து ஐநூறு. அதில் கனமான சத்தத்துக்குக் கதவில் ஒன்று, மெல்லிய சத்தத்துக்கு ட்வீட்டர் என்று குட்டியாக மேலே ஒன்று. ஷீட் ஆறாயிரம், கூலி ஆயிரத்து ஐநூறு. ஆகப் பதினேழாயிரம். ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத் தூணில் பதிக்கலாம் என்று பையன் சொன்னான். அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கிற வண்டிகளில் அங்கே ஒன்றும் பதிக்கக் கூடாது என்று பெரியவர் தடுத்துவிட்டார்.

அடுத்த மாசம் கோயிலுக்குப் போகும்போது, தஞ்சாவூர் தாண்டியதும் மாமியார் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார். வார்த்தை தப்பாமல்! குரல் இப்போது முகத்துக்கு நேரே வருகிறது. சத்தத்தைக் கூட்டவே தோன்றவில்லை.

இவருக்கு மட்டும் அந்த 'டும்' மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆசையை ஒரேயடியாக வெட்டலாமா? தீபாவளிக்கு சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன சப்வூஃபர் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருப்பது, பதினாலாயிரத்து ஐநூறுக்கு வாங்கினோம். டிக்கி டிக்கியாகவே இருக்கிறது. இல்லாவிட்டால் நாத்தனார் கொடுத்தனுப்புகிற அரிசி மூட்டையையும் வாழைத்தாரையும் மடியிலா வைத்துக்கொள்வது? இதற்கு ஒயர் இழுத்த அன்று நான் நகரவில்லை. ஃபியூஸ் எங்கே, ரப்பர் வளையம் எங்கே என்று தொட்டுப் பார்த்தேன். ஒயரின் நுனியைச் சுரண்டிக் காட்டச் சொன்னேன். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே கனத்தில் செம்பு தாங்குகிற அளவு கரண்டை அது தாங்காது. பையன் முகம் கொஞ்சம் மாறியதென்னவோ நிஜம், வேறு ஒயர் எடுத்து வந்தான். பொய் சொல்வானேன், அந்தச் சப்வூஃபர் எனக்கும் பிடித்திருக்கிறது. தவிலின் தொப்பிச் சத்தம் இப்போதுதான் சரியாக விழுகிறது.

இரண்டும் சேர்ந்து முப்பத்தோராயிரத்து ஐநூறு. எழுபத்தெட்டில் பாதிகூட இல்லை.

ஒரே விஷயத்தில் மட்டும் நான் கறார். ஹாரன் காதில் விழாத அளவுக்குச் சத்தம் வைத்தால் நான் அணைத்துவிடுவேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். நாங்கள் ஒரு தரம் கும்பகோணம் போய் வருவதற்கே அது தீர்ந்துவிடும். டிக்கியில் பெரிய பெட்டியை வைத்து, அதற்கு ஒட்டினாற்போல் பின் சீட்டில் கைக்குழந்தையைப் படுக்க வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஏன் வாய் திறப்பதில்லை?

கடைசியாக அந்தச் சகோதரிக்கு ஒன்று. மாற்றுவதென்று முடிவு செய்தால், கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எங்களுடையது பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. காரை விற்கிறபோது புது ஸ்பீக்கருக்கென்று யாரும் கூடக் கொடுக்கப் போவதில்லை. பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டு, நம்முடையதை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

- ஒரு வாசகி, திருச்சி