சக்கரம் தரையை விடலாமா?

மாணவ நண்பர்களே, ராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் செல்லும் சாலையில் ஒரு காலை வேளையில் நின்று பாருங்கள். ஆலைக்குச் செல்லும் தொழிலாளர், பின்னால் தக்காளிப் பெட்டி கட்டிய விவசாயி என எத்தனையோ பேர் இரு சக்கரங்களில் விரைகிறார்கள். 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட்டை உருவாக்கிய ஓசூரில் இன்று மின் ஸ்கூட்டர்களும் உருவாகின்றன. மின்மிதிவண்டிகளும் சாலைக்கு வந்துவிட்டன.

இவற்றை வாங்குவோர், ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தவறாமல் கேட்கிறார்கள். சுருள்வில்லைப் பற்றிக் கேட்பவர் அரிது. அது முதுகு வலிக்காமலிருக்க மட்டுமே என்பது அவர்கள் எண்ணம். இது பாதி உண்மைதான். மறுபாதியே உயிர் காப்பது.

வண்டியை நிறுத்துவது, டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு. சக்கரம் தரையை அழுத்தினால்தான் உராய்வு உண்டு. குதித்தெழுந்த சக்கரத்துக்கு பிரேக் பிடித்து என்ன பயன்? மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறீர்கள். உராய்வு பாதியானால், நிற்கத் தேவைப்படும் தூரம் இருமடங்காகும்!

விசைக்கேற்ப வில் நீளும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கினார். சுருள்வில்லின் மொத்த இயக்கம் 60 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நீங்கள் அமர்ந்ததும் அது சுமார் 15 மில்லிமீட்டர் இறங்கலாம். இறங்கவே இல்லையென்றால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட இயலாது. மிகுதியாக இறங்கினால், மேட்டில் வில் முழுதும் அமுங்கி இடிக்கும். வில்லின் அடியிலுள்ள வளையத்தைத் திருகி இதைச் சரிசெய்யலாம். திருகுவதால் வில்லின் கடினம் மாறாது. அது இறங்கும் அளவே மாறும்.

மோட்டார் சக்கரத்திலேயே அமைந்த வண்டிகளில் இக்கவனம் இன்னும் தேவை. அந்த எடையைச் சுருள்வில் தாங்குவதில்லை. கனத்த சக்கரம் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து செல்லத் தடுமாறும்.

வண்டியை விற்பவர், வாங்குபவரின் எடைக்கேற்ப வில்லைச் சரிசெய்து கொடுப்பதைக் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நீங்களே ஓர் அளவுகோலை எடுங்கள். நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஏறி அமருமுன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பின்பு இருக்கையை அழுத்தி விடுங்கள். வண்டி பலமுறை துள்ளினால், அதிர்வைத் தணிக்கும் எண்ணெய் குறைந்திருக்கலாம், பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ஹூக்கின் விதி தேர்வுக்கு மட்டுமல்ல. அப்பா வீடு திரும்பும் சாலைக்கும் உரியது.